தசை இணங்கும் வரை

என் பணிக்காலம் முழுவதும் அரசு மருத்துவமனை ஒன்றின் அறுவை சிகிச்சைப் பிரிவில்தான் கழிந்தது. ஆசனவாயில் காயத்தோடும், உள்ளே சிக்கிய பொருளோடும் வந்தவர்கள் எல்லா வயதிலும் இருந்தார்கள். திருமணமானவர்கள், தனியாக வாழ்பவர்கள், ஆண்கள், பெண்கள், திருநங்கையர். அவர்களில் பெரும்பாலோருக்கு நேர்ந்தது தவிர்த்திருக்கக்கூடிய விபத்து. யாரிடம் கேட்பது என்று தெரியாமல் பாதி காயம் வந்தது. கூச்சப்பட்டு வீட்டிலேயே இருந்ததால் மீதி காயம் பெரிதானது. ஆசனவாயில் பயன்படுத்தும் பாலியல் கருவிகளை வாங்கியிருக்கிற, வாங்க நினைக்கிற, 18 வயது நிறைந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். இதைச் செய்யுங்கள் என்றோ செய்யாதீர்கள் என்றோ சொல்ல வரவில்லை. செய்வதென்றால் உடம்பு கெடாமல் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

1. முதலில் உங்கள் உடலைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆசனவாய்க் குழாய் சுமார் 3 முதல் 4 செ.மீ. நீளம்தான். அதை இரண்டு சுருக்குத்தசைகள் மூடி வைத்திருக்கின்றன. வெளித்தசை நம் சொல் கேட்கும். இறுக்கு என்றால் இறுக்கும், விடு என்றால் விடும். உள்தசை கேட்காது. அது தானாக இயங்குவது. நாம் தூங்கும்போதும் மலமும் காற்றும் கசியாமல் காப்பது பெரும்பாலும் அதுதான். பயம், அவசரம், வலி இவற்றில் எது வந்தாலும் அது இன்னும் இறுகும். மனம் அமைதியாகி, மெதுவான அழுத்தம் சிறிது நேரம் நீடித்தால் அதுவே தளரும். கட்டளையிட்டுத் தளர்த்த வழியில்லை.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். குழாயின் கீழ்ப்பகுதியில் தோலுக்கு இருப்பதுபோல வலி உணரும் நரம்புகள் நிறைய உண்டு. அதற்கு மேலே, மலக்குடலின் உட்சுவரில் அவை இல்லை. அங்கே இழுவையும் நிறைவும் தெரியும், கீறல் தெரியாது. ஆகவே வாசலில் வலித்தால் அது நம்பத்தக்க எச்சரிக்கை. உள்ளே வலிக்கவில்லை என்பதற்காக உள்ளே காயமில்லை என்று ஆகிவிடாது. மலக்குடல் சுமார் 12 முதல் 15 செ.மீ. நீளம். அது நேர்க்குழாயும் அல்ல. முதுகெலும்பின் அடிப்பகுதியை ஒட்டி வளைந்து, பிறகு பெருங்குடலோடு சேரும் இடத்தில் மறுபடி திரும்புகிறது. நீளமான, விறைப்பான கருவி ஆபத்தாக இருப்பதற்கு இந்த வளைவே காரணம்.

2. பலவந்தமாக விரிக்காதீர்கள். இதற்கு எங்கள் துறையின் வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. 1960-களின் இறுதியில் பீட்டர் லார்ட் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் மூலநோய்க்கு ஒரு சிகிச்சையை முன்வைத்தார். நோயாளியை மயக்கத்தில் வைத்து, ஆசனவாயை விரல்களால், எட்டு விரல் நுழையும் அளவுக்குக்கூட, விரித்துவிடுவது. பல நாடுகளில் அது பரவியது. பிறகுதான் தெரிந்தது, சிலருக்கு உள்தசை கிழிந்து, காற்றையும் மலத்தையும் அடக்க முடியாமல் போனது. அந்தச் சிகிச்சை கைவிடப்பட்டது. மருத்துவர் கையில், மயக்க மருந்தின் பாதுகாப்பில் நடந்ததற்கே அந்த விளைவு. வீட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு, இன்றே பெரிய அளவுக்குப் போய்விட வேண்டும் என்று முயல்பவரை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. அளவு கூடுவதற்கு வாரங்கள், மாதங்கள் ஆகலாம். கூடாமலே இருந்தாலும் எந்தக் குறையும் இல்லை.

3. அகன்ற அடிப்பகுதி இல்லாத எதையும் ஆசனவாய்க்குள் வைக்காதீர்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். பெண்ணுறுப்புக்கு ஒரு முடிவு உண்டு. கருப்பை வாய் தடுத்துவிடும். மலக்குடலுக்கு மேலே பெருங்குடல் தொடர்ந்துகொண்டே போகிறது. கருவி கொஞ்சம் நழுவினாலும் சுருக்குத்தசை அதன் பின்னால் மூடிக்கொள்ளும். ஜெல் தடவிய கருவி விரல்களுக்குப் பிடிபடாது. அடிப்பகுதி, கருவியின் மிகப் பருமனான இடத்தைவிட நன்றாக அகலமாக இருக்க வேண்டும். மடங்கி உள்ளே நுழைந்துவிடாத உறுதியும் வேண்டும். பந்துகள் கோத்த சரமாக இருந்தால் முனையில் பெரிய வளையம் இருக்கிறதா, இடையில் உள்ள கயிறு உறுதியானதா என்று இழுத்துப் பாருங்கள். பெண்ணுறுப்புக்கென விற்கும் வழவழப்பான, தோட்டா வடிவ வைப்ரேட்டர்கள் இந்த இடத்துக்கு உரியவை அல்ல.

உள்ளே சிக்கிய கருவிகளை எடுத்து எடுத்துச் சலித்த ஸ்வீடன் நாட்டு அறுவை மருத்துவர் மார்ட்டின் டால்பெர்க் போன்றவர்களின் முயற்சியால்தான் 2021-இல் பாலியல் கருவிகளுக்கென்று ஐ.எஸ்.ஓ. 3533 என்ற சர்வதேசத் தரநிலை வந்தது. ஆசனவாய்க் கருவி உள்ளே போய்விடாதபடி வடிவமைக்கப்பட வேண்டும் என்பது அதன் முக்கியமான வலியுறுத்தல்களில் ஒன்று. இந்தத் தரநிலை கட்டாயச் சட்டம் அல்ல. கடையில் விற்கிறது என்பதற்காகப் பாதுகாப்பானது என்று எடுத்துக்கொள்ளாமல் நீங்களே பார்த்து வாங்க வேண்டும்.

வீட்டுப் பொருட்கள் வேண்டவே வேண்டாம். கண்ணாடி பாட்டில், டார்ச்லைட், பேனா, கேரட், வெள்ளரிக்காய் எல்லாவற்றையும் எக்ஸ்-ரேயிலும் அறுவை அரங்கிலும் பார்த்தாயிற்று. பாட்டில் உறிஞ்சுவிசையால் குடல் சுவரோடு ஒட்டிக்கொள்ளும், உடையவும் உடையும். காய் உள்ளே முறியும்.

4. பொருளும் அளவும். நுண்துளை இல்லாத சிலிக்கோன், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், போரோசிலிகேட் கண்ணாடி ஆகியவை நல்லவை. ‘ஜெல்லி’ என்று விற்கப்படும் மலிவான மென்பிளாஸ்டிக்கில் நுண்துளைகள் உண்டு. எவ்வளவு கழுவினாலும் கிருமி தங்கும். வாங்கியதும் நெடி அடித்தாலோ, தொட்டால் பிசுபிசுத்தாலோ ஒதுக்கிவிடுங்கள். முதல் கருவி விரல் பருமன், அதிகம் போனால் 2 முதல் 2.5 செ.மீ. குறுக்களவு, 10 செ.மீ.க்குள் நீளம். ஒவ்வொரு முறையும் விரலை ஓட்டிப் பாருங்கள். பிசிறு, விரிசல், உதிர்ந்த பூச்சு இருந்தால் அன்றோடு அதன் வேலை முடிந்தது. சார்ஜ் போட்டபடி பயன்படுத்தாதீர்கள்.

5. ஜெல் இல்லாமல் தொடங்காதீர்கள். மலக்குடலில் சிறிது சளி சுரக்கும். இதற்கு அது போதாது. எச்சில் உடனே காய்ந்துவிடும். சோப்பு, ஷாம்பு போன்றவை உட்சுவரை எரிக்கும். மருந்துக் கடையில் கிடைக்கும் தண்ணீர் சார்ந்த ஜெல் எல்லாக் கருவிக்கும் ஒத்துவரும், ஆனால் காயும். அடிக்கடி சேர்க்க வேண்டும். சிலிக்கோன் ஜெல் நீண்ட நேரம் நிற்கும். சிலிக்கோன் கருவியின் மேற்பரப்பை அது கெடுக்கக்கூடும் என்பதால் ஸ்டீல், கண்ணாடிக் கருவிகளோடு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தேங்காய் எண்ணெய் நம் வீடுகளில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆனால் எந்த எண்ணெயும் லேடெக்ஸ் ஆணுறையை நிமிடங்களில் பலவீனமாக்கிவிடும். ஆணுறை இருக்கும் இடத்தில் எண்ணெய் கூடாது.

ஜெல்லின் லேபிளைப் படியுங்கள். கிளிசரின், புரொப்பிலீன் கிளைக்கால் மிகுந்த ஜெல்கள் குடல் சுவரின் செல்களிலிருந்து தண்ணீரை இழுத்து அவற்றை உதிர வைக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2012-இல் வெளியிட்ட குறிப்பு, ஜெல்லின் செறிவு கிலோவுக்கு 1200 மில்லிஆஸ்மோலைத் தாண்டக்கூடாது என்கிறது. எல்லா நிறுவனங்களும் இந்த எண்ணை அச்சிடுவதில்லை. பொருள்பட்டியலில் அந்த இரண்டும் முன்வரிசையில் இருந்தால் வேறு வாங்குங்கள். நோனாக்சினால்-9 என்ற விந்துக்கொல்லி கலந்ததை ஆசனவாயில் பயன்படுத்தவே கூடாது. சுவரைப் புண்ணாக்கி எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பைக் கூட்டும்.

மரத்துப்போக வைக்கும் ஜெல் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சிறுநீர்க் குழாய் பொருத்தும்போது நாங்கள் பயன்படுத்தும் லிக்னோகெயின் ஜெல்லியைச் சிலர் வாங்கித் தடவிக்கொள்கிறார்கள். வாசலில் வரும் வலி நம்பத்தக்க எச்சரிக்கை என்று மேலே சொன்னேன். அதையும் அணைத்துவிட்டால் கிழிவது தெரியாது, மருந்து தெளிந்த பிறகுதான் தெரியும். மதுவும் போதைப்பொருளும் இதையே செய்கின்றன.

6. சுத்தம் செய்வதில் மிகை வேண்டாம். வழக்கம்போல மலம் கழித்து, ஒரு மணி நேரம் பொறுத்து, வெளியே கழுவினால் பெரும்பாலும் போதும். மலம் பெரும்பாலும் மேலே பெருங்குடலில்தான் தங்குகிறது. உள்ளே கழுவியே ஆக வேண்டும் என்று தோன்றினால் சிறிய ரப்பர் குமிழ் கொண்டு, ஒரு டம்ளருக்கும் குறைவான, உடல் சூட்டில் உள்ள வெறும் தண்ணீர். கழிப்பறையில் கைப்பிடியோடு தொங்கும் ஹெல்த் ஃபாசெட்டை உள்ளே வைத்துத் திறக்காதீர்கள். அந்த அழுத்தம் குடலைக் கிழிக்கும். கீசர் தண்ணீர் சுட்டுவிடும். சோப்புத் தண்ணீர் குடலை அழற்சியாக்கும். மருந்துக் கடை எனிமா பாட்டிலில் பாஸ்பேட் உப்பு இருக்கும். அடிக்கடி போட்டால், முக்கியமாகச் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு, உயிருக்கே ஆபத்து.

7. நகங்களை வெட்டுங்கள். இடது பக்கமாகப் படுத்து முழங்காலை மார்பை நோக்கி மடக்குங்கள். நாங்கள் பரிசோதனைக்குப் படுக்க வைப்பதும் இப்படித்தான். முதலில் விரல், அதுவும் வெளியே மட்டும். மூச்சை மெதுவாக விடும்போது, மலம் கழிப்பதுபோல லேசாக முக்கினால் வெளித்தசை திறக்கும். கருவியின் முனையை வாசலில் வைத்து, தள்ளாமல், காத்திருங்கள். உள்தசை தளர்வது உங்களுக்கே தெரியும். கூர்மையான வலி வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். வெளியே எடுப்பதும் மெதுவாக; வெடுக்கென்று இழுத்ததில் கிழிந்தவர்கள் உண்டு. முதல் சில முறை சில நிமிடங்கள் போதும். கருவியோடு தூங்கக் கூடாது.

துணையோடு செய்கிறீர்கள் என்றால், வேகத்தைத் தீர்மானிப்பவர் ஏற்பவர்தான். “போதும்” என்ற சொல் வந்த கணம் நின்றுவிட வேண்டும். விருப்பமில்லாதவரைக் கெஞ்சியோ மிரட்டியோ சம்மதிக்க வைப்பது சம்மதம் ஆகாது. கணவன் மனைவிக்குள்ளும் இதே நியாயம்தான்.

8. மூலம் வீங்கியிருக்கும்போது, ஆசனவாய் வெடிப்பு இருக்கும்போது, வயிற்றுப்போக்கின்போது வேண்டாம். கிரோன் நோய் போன்ற குடல் அழற்சி உள்ளவர்கள், இடுப்புப் பகுதியில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்கள், ஆசனவாயிலோ குடலிலோ அண்மையில் அறுவை செய்துகொண்டவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக்கூடாது.

9. ஆசனவாயில் இருந்த கருவி அப்படியே பெண்ணுறுப்புக்கோ வாய்க்கோ போகக்கூடாது. ஒருவர் கருவியை இன்னொருவர் பயன்படுத்த வேண்டாம். தவிர்க்க முடியாவிட்டால் ஒவ்வொருவருக்கும் புது ஆணுறை போட்டுக்கொள்ளுங்கள். மஞ்சள் காமாலை ஏ, பி, சீதபேதிக் கிருமிகள், கொனோரியா, கிளமிடியா, எச்.பி.வி., எச்.ஐ.வி. எல்லாமே இந்த வழியில் பரவக்கூடியவை. பயன்படுத்தியதும் சோப்பும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு கழுவிக் காய வையுங்கள். மோட்டார் இல்லாத சிலிக்கோன், ஸ்டீல் கருவிகளைச் சில நிமிடம் கொதிக்கும் நீரில் போடலாம். மற்றவர் ரத்தமோ விந்தோ பட்ட கருவியால் காயம் ஏற்பட்டிருந்தால் காத்திருக்காதீர்கள். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, தொடங்க வேண்டும். 28 நாள் சாப்பிட வேண்டும். அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையத்தில் கேளுங்கள். இரவு நேரமானால் அவசர சிகிச்சைப் பிரிவில் கேளுங்கள்.

10. பிறகு வரும் அசௌகரியத்தில் எது இயல்பு? வாசலில் லேசான எரிச்சல், மலம் வருவது போன்ற உணர்வு, கொஞ்சம் காற்றுப் பிரிதல், துடைக்கும்போது ஓரிரு துளி சிவப்பு. இவை ஓரிரண்டு நாளில் அடங்க வேண்டும். அகலமான பேசினில் வெதுவெதுப்பான நீர் ஊற்றி 10, 15 நிமிடம் உட்காருங்கள். ஒரு நாளில் இரண்டு மூன்று முறை, குறிப்பாக மலம் கழித்த பிறகு. டெட்டால், உப்பு, மஞ்சள் எதுவும் அந்த நீரில் வேண்டாம். பிறகு ஒற்றித் துடையுங்கள், தேய்க்காதீர்கள். வலிக்குப் பாராசிட்டமால் போதும். ரத்தக் கசிவு இருக்கும்போது ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் வேண்டாம்.

11. மலம் கழிக்கும்போது கண்ணாடித் துண்டு கீறுவது போல வலித்து, அந்த வலி மணிக்கணக்கில் நீடித்தால் அது வெடிப்பு. வலிக்குப் பயந்து மலத்தை அடக்குவார்கள். மலம் கெட்டியாகும். மறுபடி அதே இடம் கிழியும். இந்தச் சுழற்சியை உடைப்பதுதான் சிகிச்சை. தாராளமாகத் தண்ணீர், கீரை, கொய்யா, வாழைத்தண்டு, இரவில் தண்ணீரோடு இசப்கோல், முடியாவிட்டால் மருத்துவர் சொல்லி லாக்டுலோஸ். காரத்தைக் குறையுங்கள். புதிய வெடிப்புகள் பெரும்பாலும் ஆறு வாரத்துக்குள் ஆறிவிடும். ஒரு வாரத்தில் வலி குறையவே இல்லையென்றால் காட்டுங்கள். உள்தசையைத் தளர்த்தும் டில்டியாசெம் களிம்பு போன்றவை இருக்கின்றன. பெட்டிக்கடை மூலக் களிம்புகளில் ஸ்டீராய்டு இருக்கக்கூடும். வாரக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்துவிடும்.

வாசல் அருகே திடீரென்று நீல நிறத்தில், தொட முடியாத அளவு வலியோடு ஒரு கட்டி வந்தால் ரத்தம் உறைந்த வெளிமூலமாக இருக்கலாம். முதல் மூன்று நாள் வலி கடுமையாக இருக்கும். அந்த நாட்களுக்குள் வந்தால் சிறிய வெட்டில் உறைகட்டியை எடுத்துவிடலாம்; தாண்டிவிட்டால் பெரும்பாலும் தானாகவே வடியும்.

12. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள்: வயிற்று வலி, வயிறு பலகை போல விறைத்தல், காய்ச்சல், குளிர் நடுக்கம், தோள்பட்டை முனையில் வலி, நிற்காத ரத்தப்போக்கு, கட்டி கட்டியாக ரத்தம், தலைசுற்றல், சிறுநீர் கழிக்க முடியாமை. குடலில் ஓட்டை விழுந்திருக்கலாம். மலக்குடலின் மேல்பகுதி கிழிந்தால் தொடக்கத்தில் வலி குறைவாகவே இருக்கும். சில மணி நேரத்தில் மலக் கிருமிகள் வயிற்றறைக்குள் பரவி நிலைமை மோசமாகும். எதுவும் சாப்பிடாமல், குடிக்காமல் 108-ஐ அழையுங்கள். சீக்கிரம் வந்தவர்களுக்குத் தையல் போட்டுச் சரிசெய்த காயத்துக்கு, இரண்டு நாள் கழித்து வந்தவர்களுக்கு வயிற்றில் மலப்பை பொருத்த வேண்டியிருந்தது. காயம் ஒன்றுதான், இடையில் கழிந்த நேரம்தான் வேறு.

13. கருவி உள்ளே போய்விட்டால் பதறாதீர்கள். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தாலும் சார்ஜ் தீர்ந்ததும் நின்றுவிடும். குந்தி உட்கார்ந்து மூச்சை மெல்ல விட்டபடி, மலம் கழிப்பதுபோல மிதமாக முக்கிப் பாருங்கள். விரலில் எளிதாகப் பிடிபட்டால் சரி. பிடிபடாவிட்டால் தேடித் துழாவ வேண்டாம். அது இன்னும் மேலே போகும். இடுக்கி, கரண்டி, கம்பி எதையும் நுழைக்காதீர்கள். பேதி மருந்தும் எனிமாவும் கூடாது. ஒரு மணி நேரத்துக்குள் வரவில்லையென்றால், அல்லது வலியோ ரத்தமோ இருந்தால் அப்போதே, கிளம்புங்கள். எக்ஸ்-ரே எடுத்து, தசை தளர மருந்து கொடுத்தால் பெரும்பாலான பொருட்களை வயிற்றைத் திறக்காமலே எடுத்துவிடலாம்.

14. மருத்துவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். “குளியலறையில் வழுக்கி அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன்” என்று சொல்ல வேண்டிய தேவையில்லை. என்ன பொருள், எவ்வளவு பெரியது, எப்போது, மோட்டார் உண்டா, கண்ணாடியா என்று சொன்னால் சிகிச்சையில் ஒரு மணி நேரம் மிச்சமாகும். நோயாளியின் ரகசியம் காப்பது மருத்துவரின் கடமை என்று இந்திய மருத்துவ மன்றத்தின் 2002-ஆம் ஆண்டு நெறிமுறைகளில் எழுதியிருக்கிறது. வயது வந்தவர்கள் மனமொத்துத் தனிமையில் செய்வது குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று தீர்ப்பளித்துவிட்டது. கூட வந்த உறவினரை வெளியே நிற்கச் சொல்லுங்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. யாராவது சிரித்தால், ஏளனமாகப் பேசினால், மூத்த மருத்துவரைக் கேளுங்கள், எழுந்து போய்விடாதீர்கள். உங்கள் விருப்பமில்லாமல் நடந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். சிகிச்சை முதலில், மற்றவை பிறகு.

15. மறுபடி எப்போது? மலம் கழிக்கையில் வலியோ ரத்தமோ இல்லாமல் குறைந்தது இரண்டு வாரம் கடந்திருக்க வேண்டும். வெடிப்பு உறுதியாகியிருந்தால் மருத்துவர் பார்த்து ஆறிவிட்டது என்று சொன்ன பிறகு. அப்போதும் முன்பு பயன்படுத்தியதைவிடச் சிறிய கருவியிலிருந்து தொடங்குங்கள். காற்றை அடக்க முடியவில்லை, உள்ளாடையில் கசிகிறது என்றால் நிறுத்திவிட்டு மலக்குடல் நோய் மருத்துவரைப் பாருங்கள். ஆசனவாய் அல்ட்ராசவுண்டில் எந்தத் தசையில் எவ்வளவு சேதம் என்று தெரிந்துவிடும். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் தசைப் பயிற்சியிலேயே சரியாகக்கூடியவை பல. 40 வயதுக்கு மேல் ஆசனவாயிலிருந்து ரத்தம் வந்தால் கருவியின் மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள். ஒருமுறை குடல் பரிசோதனை செய்து புற்றுநோய் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.